பட்டன் இருக்கிறது, ஆயுள் இருக்கிறதா?

அதிகம் ஓடாத, ஆனால் வருடம் ஆகிவிட்ட கார் டயர்களை என்ன செய்வது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

அப்பாவின் கார் பெரும்பாலும் ஷெட்டிலேயே நின்றது. எட்டு வருடத்தில் 14,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது. டயரில் பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் மேடுகள்) புதுசு போல இருக்கிறது. ஆனாலும் நான்கையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். வியாபாரத்துக்காகச் சொல்கிறாரோ என்று சந்தேகம். - வாசகர், திருச்சி

மெக்கானிக் சொல்வது சரிதான். டயருக்கு இரண்டு விதமான தேய்மானம் உண்டு. ரோட்டில் உரசித் தேய்வது கண்ணுக்குத் தெரியும். ரப்பர் மூப்படைவது அவ்வளவு சுலபமாகத் தெரியாது. உங்கள் டயர் இரண்டாவது வகை.

முதலில் டயரின் பிறந்த தேதியைப் பாருங்கள். பக்கச்சுவரில் 'டி.ஓ.டி.' என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 4616 என்றால் 2016ஆம் ஆண்டின் 46ஆவது வாரம், அதாவது நவம்பர் மாதத் தயாரிப்பு. பல டயர்களில் இந்த நான்கு இலக்கம் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். வெளிப்பக்கம் இல்லையென்றால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். கார் வாங்கிய தேதியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். டயர் அதற்கும் சில மாதம் மூத்தது.

நின்ற டயர் ஏன் கெடுகிறது? வெடிப்பு விடாமல் காக்க ரப்பரில் மெழுகும் ஓசோன் தடுப்பு ரசாயனமும் கலந்திருக்கும். டயர் உருண்டு வளைந்து கொடுக்கும்போதுதான் இவை மேலே கசிந்து மெல்லிய படலமாகப் படியும். ஷெட்டில் நிற்கும் டயருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. உள்ளே அடைத்த காற்றின் ஆக்சிஜன் வேறு ரப்பருக்குள் ஊடுருவி, பட்டனுக்கு அடியில் இருக்கும் கம்பிப் பட்டையான ஸ்டீல் பெல்ட்டின் ஓரங்களில் பிடிப்பைக் குறைத்துக்கொண்டே போகும். வெயில் ஏற ஏற இந்த வேலை வேகமாக நடக்கும். திருச்சி வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்படிப்பட்ட டயர் ஊருக்குள் 40 கி.மீ. வேகத்தில் ஒரு வம்பும் செய்யாது. நான்கு பேர், லக்கேஜ், மே மாதம், நாற்கரச் சாலையில் 100 கி.மீ. என்று வரும்போதுதான் பட்டன் பகுதி மொத்தமாக உரிந்து வரும் அபாயம். கெட்டியாகிப்போன ரப்பர் மழையிலும் பிடிக்காது, பிரேக் அடித்தால் வழுக்கும்.

நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. வெயிலில் காரை நிறுத்தி, டயரைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். பாலிஷ் போட்டிருந்தால் வெடிப்பு தெரியாது. பக்கச்சுவரில் தலைமுடி போன்ற கோடுகள் தெரிகிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், பட்டன்களுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தின் அடிப்பகுதி. அங்கே நீளவாக்கில் வெடிப்பு ஓடினால் அந்த டயர் ரோட்டுக்கு ஆகாது. பிறகு டயரை ரிம்மிலிருந்து கழற்றி உள்பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள்.

வயதுக் கணக்கு: கார் கம்பெனிகள் பல 6 வருடத்தில் மாற்றச் சொல்கின்றன. டயர் கம்பெனிகள் சில, 5 வருடத்துக்குப் பிறகு வருடா வருடம் பரிசோதனை, தயாரித்த நாளிலிருந்து 10 வருடத்தில் கட்டாய மாற்றம் என்கின்றன. நம் ஊர் வெயிலில், வெளியூர் ஓட்டத்துக்கு 7 வருடத்துக்கு மேல் போக வேண்டாம் என்பது எங்கள் கருத்து. உங்கள் டயர் அதைத் தாண்டிவிட்டது.

நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றப் பணம் இடிக்கிறது என்றால் இரண்டு வாங்கிப் பின்பக்கம் போடுங்கள், முன்சக்கரம் இழுக்கும் காராக இருந்தாலும். ஈரத்தில் முன்டயர் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரியும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்டயர் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். முன்பக்கம் இருக்கும் பழைய இரண்டும் மாறும்வரை வெளியூர்ப் பயணம் வேண்டாம். புது டயரிலும் அந்த நான்கு இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். ரப்பர் வால்வையும் கூடவே மாற்றச் சொல்லுங்கள், அதுவும் அதே வயதுதான்.

ஸ்டெப்னி ஒன்பது வருடமாக டிக்கியிலேயே கிடக்கிறது. ரோட்டையே பார்க்கவில்லை. அதை மற்ற டயர்களோடு சேர்த்து ஓட்டலாமா? - வாசகி, கும்பகோணம்

வேண்டாம். டிக்கிக்குள் வெயில் நேரடியாகப் படாதே தவிர, சூடு குறைவில்லை. பஞ்சரானால் பக்கத்துக் கடை வரை மெதுவாகப் போய்ச் சேர மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் காற்று இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். சும்மா கிடந்தாலே காற்றழுத்தம் மாதம் 1 முதல் 2 பி.எஸ்.ஐ. இறங்கும். அடுத்து டயர் மாற்றும்போது, இருக்கும் நான்கில் வயது குறைந்த, வெடிப்பில்லாத ஒன்றை ஸ்டெப்னி ஆக்கிவிடுங்கள்.

புது கார். 600 கி.மீ. ஓடியதும் அலாய் வீல் போட்டு, 165/80 ஆர்14 டயரை 185/65 ஆர்15 ஆக மாற்றினேன். கழற்றிய நான்கையும் எப்படி நல்ல விலைக்கு விற்பது? - வாசகர், கோவை

நல்ல விலை கேட்க வேண்டிய நேரம், அலாய் பேரம் முடிவதற்கு முன்பு. காரில் அலாய் ஏறியபின் கடைக்காரர் சொல்வதுதான் விலை. பரவாயில்லை, உங்களிடம் இருப்பது உண்மையிலேயே புது டயர்தான். ஸ்டீல் ரிம்மோடு நான்கையும் ஒரே செட்டாக, அதே காரின் அடிப்படை மாடல் வைத்திருப்பவருக்குக் கொடுங்கள். ரிம்மிலிருந்து பிரித்தால் கழற்றும் கூலி, விளிம்பு கிழியும் வாய்ப்பு என்று இரண்டு நஷ்டம். விளம்பரத்தில் தேதி இலக்கம், பட்டன் ஆழத்தை அளக்கும் அளவுகோல் இரண்டையும் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள். கார் பில் நகலும் காட்டினால் பேரம் சீக்கிரம் படியும்.

ஸ்டெப்னிக்காக ஐந்தாவது அலாய் வாங்கத் தேவையில்லை. பழைய அளவின் மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ., புது அளவு 621.5. வித்தியாசம் இல்லாத மாதிரிதான். ஆனால் சில அலாய்களுக்கு நட் வேறு மாதிரி இருக்கும், அது ஸ்டீல் ரிம்மில் சரியாக உட்காராது. பழைய நட்டுகளை விற்றுவிடாமல் டிக்கியில் போட்டுவையுங்கள்.

விற்கும்வரை ரிம்மோடு படுக்கைவாட்டில் அடுக்கி, கறுப்புப் பிளாஸ்டிக் உறையால் மூடி, நிழலில் வையுங்கள். ரிம் இல்லாத டயரை நிமிர்த்தி வைத்து மாதம் ஒருமுறை திருப்ப வேண்டும். தண்ணீர் மோட்டார், வெல்டிங் மெஷின் பக்கத்தில் வைக்காதீர்கள். அவற்றின் தீப்பொறியிலிருந்து வரும் ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்கும்.

பழைய டயர் கடையில் பளபளவென்று இரண்டு டயர், புதுசில் பாதி விலை என்கிறார்கள். நம்பி வாங்கலாமா? - வாசகர், சேலம்

பளபளப்பைத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். மொட்டை டயரில் சூட்டுக் கத்தியால் பள்ளம் வெட்டி விற்பது நடக்கிறது. கார் டயரில் அப்படி வெட்டுவதற்கு மிச்ச ரப்பரே கிடையாது, கம்பி வரை போய்விடும். கண்டுபிடிக்க எளிய வழி: பள்ளத்துக்குள் குறுக்கே 1.6 மி.மீ. உயரத்தில், தேய்மான எல்லையைக் காட்டும் சின்னச் சின்ன மேடுகள் இருக்க வேண்டும். பக்கச்சுவர் ஓரத்தில் 'டி.டபிள்யூ.ஐ.' என்றோ முக்கோணமாகவோ குறி இருக்கும் இடத்துக்கு நேரே பாருங்கள். மேட்டைக் காணோம், அல்லது நடுவில் அறுந்திருக்கிறது என்றால் வெட்டிய டயர். தேதி இலக்கம் தேய்க்கப்பட்டிருந்தாலும் வேண்டாம்.

உள்பக்கம் கையை விட்டுத் தடவுங்கள். பக்கச்சுவரைச் சுற்றி வளையம் போலச் சுருக்கமோ, விரலில் ஒட்டும் கறுப்புத் தூளோ இருந்தால், காற்றில்லாமல் ஓட்டிய டயர். பட்டன் எவ்வளவு இருந்தாலும் உள்ளே நூல் நைந்திருக்கும். சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வெடித்த இரண்டு டயரை வைத்து வராந்தாவுக்குக் கயிறு சுற்றிய மோடா (உட்காரும் குட்டை இருக்கை) செய்ய ஆசை. ஒருமுறை செய்து கயிறு எல்லாம் உரிந்து வந்துவிட்டது. - வாசகி, நாகர்கோவில்

வெள்ளைப் பசை போட்டிருப்பீர்கள். அது மரத்துக்கு, ரப்பரில் பிடிக்காது. ஃபெவிகால் எஸ்.ஆர். போன்ற ரப்பர் பசைதான் வேண்டும். டயரில் பழைய பாலிஷ் இருந்தால் அதுவும் நிற்காது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒரு வாரம் வெளியில் வைத்தால் வாடையும் குறையும்.

ஒரு டயர் உயரம் போதாது. 165 அளவு டயர் இரண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஒட்டும் பக்கச்சுவர்களில் நான்கு இடத்தில் 8 மி.மீ. போல்ட்டும் பெரிய வாஷரும் போட்டு முடுக்குங்கள். ஓட்டையைப் பக்கச்சுவரில் மட்டும் போடுங்கள், அங்கே ஸ்டீல் பெல்ட் கிடையாது. பட்டன் பகுதியில் துளைத்தால் டிரில் பிட் மழுங்கும், கம்பி முனை வெளியே நீட்டிக் கையைக் கிழிக்கும். மேலே 12 மி.மீ. பிளைவுட்டை 55 செ.மீ. வட்டமாக வெட்டி ஆறு ஸ்குரூவில் இறுக்குங்கள்.

8 மி.மீ. சணல் கயிறு என்றால் மொத்தம் சுமார் 130 மீட்டர் ஆகும். வட்டத்தின் நடுவிலிருந்து சுருளாகத் தொடங்கி வெளியே வந்து, பக்கவாட்டில் இறங்குங்கள். கயிறு, டயர் இரண்டிலும் பசை தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை, ஏறக்குறைய 10 நிமிடம், காத்திருந்து அழுத்த வேண்டும். ஈரப் பசையில் ஒட்டினால் வெயில் பட்டதும் வழுக்கிக் கீழே இறங்கும். உங்களுக்கு நடந்தது இதுவாகவும் இருக்கலாம். ஒரு சுற்றுக்குப் பசை தடவி, அது பதமாகும் நேரத்தில் அடுத்ததற்குத் தடவிக்கொண்டே போங்கள். இரண்டு டயர் சேரும் பள்ளத்தில் பழைய சாக்கைத் திணித்து நிரப்பிவிட்டால் கயிறு உள்ளே தொங்காது.

டயரில் மண் நிரப்பிக் கீரை போடலாமா? - வாசகர், ராணிப்பேட்டை

பூச்செடி போடுங்கள். ரப்பரில் உள்ள துத்தநாகமும் வேறு ரசாயனங்களும் மண்ணில் கசியும். சாப்பிடும் கீரையில் அந்த வம்பு எதற்கு?

தோட்டத்தில் தேங்காய் ஏற்றும் மாட்டு வண்டிக்குப் பழைய கார் டயர் போதுமா? - வாசகர், பொள்ளாச்சி

போதும், மாடு போகும் வேகத்துக்குக் கவலை இல்லை. எடையை மட்டும் பாருங்கள். டயரில் '85டி' என்று இருந்தால் 85 என்ற எண்ணின் பொருள், ஒரு டயர் 515 கிலோ வரை தாங்கும் என்பது. இரண்டு சக்கரத்துக்கு 1,030 கிலோ, வண்டியின் சொந்த எடை உட்பட. பழைய டயர் என்பதால் அதில் பாதிக்கு மேல் ஏற்ற வேண்டாம். துருப்பிடித்த ரிம்மில் டியூப்லெஸ் டயர் காற்று நிற்காது, ரேடியல் டியூப் (ரேடியல் டயருக்கென்றே வரும் டியூப்) போடுங்கள். போடும் முன் டயருக்குள் ஒட்டியிருக்கும் காகிதத்தைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது உரசியே டியூப் ஓட்டையாகும். டிராக்டர் டிரெய்லருக்கு இந்த டயர் வேண்டவே வேண்டாம்.

காயலான் கடைக்காரர்கூட எடுக்க மாட்டேன் என்கிறார். மொட்டைமாடியில் கிடக்கிறது. போகிக்கு எரித்துவிடலாமா? - வாசகர், சென்னை

கூடாது. டயர் புகையில் பென்சீன், கந்தக டை ஆக்சைடு எல்லாம் உண்டு. போகிக்கு டயர் எரிக்க வேண்டாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருடா வருடம் கேட்டுக்கொள்கிறது. மொட்டைமாடியிலும் விடாதீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு டயருக்குள் தேங்கும் ஒரு டம்ளர் மழைத் தண்ணீரே போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் தீராது. முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ரப்பரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். உள்பக்கத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, கூரைக்குக் கீழே கொண்டுவந்து வையுங்கள்.

கழிவு டயரை மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2022 ஜூலையில் வந்த விதி தயாரிப்பாளர்கள் மேல் சுமத்தியிருக்கிறது. உங்களுக்குச் சுலபமான வழி, அடுத்த டயர் வாங்கும் கடையிலேயே இதையும் தள்ளிவிடுவது. மொத்தமாகச் சேர்த்து அனுப்பும் ஆள் அவர்களிடம் இருப்பார்கள். கொடுக்கும்போது பக்கச்சுவரில் ஒரு ஜாண் நீளத்துக்குக் கத்தியால் கிழித்துக் கொடுங்கள். சோப்புத் தண்ணீர் தொட்டு வெட்டினால் கத்தி சிக்காமல் போகும். பாலிஷ் போட்டு வேறு யாருக்காவது விற்கும் வழி அதோடு அடைபட்டுவிடும்.