மட்டக்களப்பில் இருந்துகொண்டு இசை நாடகம் இயக்கித் தயாரிப்பதைத் தொழிலாக எடுக்கலாமா? வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்.

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். ஆர்வம் இருந்தால் எதையும் செய்யலாம் என்று யாரோ ஒருவர் பதில் எழுதியிருப்பதைக் கண்டதும் பொறுக்கவில்லை.

நீங்கள் கல்லடியில், சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கடைசி வருடம் என்று நினைக்கிறேன். அந்த வருடத்தில்தான் இந்தக் கேள்வி வரும். எனக்கும் அங்கேதான் வந்தது.

இயக்கலாம், தயாரிக்கலாம். ஆனால் அரிசி வாங்குகிற காசு வேறெங்காவது இருந்து வரவேண்டும். எனக்கு அது ஒரு பிரதேச செயலகத்தில் இருந்து வருகிறது. நாடகமும் அரங்கியலும் படித்தவன், அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயரில் கோழிக்குஞ்சு வாங்கியவர்களின் பட்டியல் டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன். முதல் ஆறு மாதம் உட்காரக் கதிரைகூட இல்லை. அது வேறு கதை.

நான் படுவான்கரைக்காரன், மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம். இங்கே பாட்டும் ஆட்டமுமான நாடகம் என்றால் கூத்துதான். எங்கள் ஊர்க் கூத்தில் இயக்குவதும் தயாரிப்பதும் ஒரே ஆளின் வேலை இல்லை. பழக்குகிறவர் அண்ணாவியார். ஆள், சாமான், காசு எல்லாம் முகாமைக்காரர் பாடு. வெற்றிலை வட்டா வைத்து அண்ணாவியாரை அழைப்பார்கள். அவர் குரலையும் உடம்பையும் குணத்தையும் பார்த்துச் சட்டம் கொடுப்பார், அதாவது இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று பாட்டைப் பிரித்துக் கொடுப்பார். மாதக்கணக்கில் பழகி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, அதாவது முழுக் கூத்தையும் ஒத்திகை பார்த்து, பிறகுதான் அரங்கேற்றம். அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். அதில் சேருவது அண்ணாவியாருக்கு. எங்கள் ஊரில் உடுப்பு அவனவன் வீட்டுச் செலவு. நட்டம் என்று ஒன்று வந்தால் முழு ஊரும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்துவிடும், யாருக்கும் தெரியவும் தெரியாது.

நான் என்ன செய்தேன்? இரண்டையும் என் தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன். வடமோடி என்பது எங்கள் கூத்து வகைகளில் ஒன்று. விடிய விடிய ஆடுகிற வடமோடிக் கூத்து, 'பதினெட்டாம் போர்'. அதை எழுபது நிமிடமாக்கி நகரத்து மண்டபத்தில் போடவேண்டும் என்று ஆசை. இது நான் கண்டுபிடித்த விசயமல்ல, தெரியும். 1956இல் சரச்சந்திரா 'மனமே' என்ற சிங்கள நாடகத்தைப் போட்டார். பிறகு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் நம்முடைய கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் 'கர்ணன் போர்', அதற்குப் பின் 'இராவணேசன்'. அதில் இராவணனாக ஆடிய மௌனகுரு சேரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பேராதனை மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கப் போனவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் என்பதையும் பரீட்சைக்காகப் பாடமாக்கினேன். பரீட்சைக்கு மட்டும்தான் என்பது பிறகு விளங்கியது.

எங்கள் ஊர் அண்ணாவியாருக்கு அப்போதே எழுபது தாண்டிவிட்டது. நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஒவ்வொரு பாத்திரமும் களரிக்கு, அதாவது கூத்து மேடைக்கு, வந்து தன்னைக் காட்டுகிற வரவாட்டத்தையும் மூன்று நிமிடமாக்கச் சொன்னேன். "மனே, வரவைக் குறைச்சா வாறவன் ஆரெண்டு களரிக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். "நோட்டீஸில போடுவம் மாமா" என்றேன். அவர் மத்தளத்தைத் துணியால் மூடிவிட்டு வெற்றிலை போட்டார். அடுத்த நாள் வந்து மூன்று நிமிடத்துக்குள் தாளக்கட்டை மாற்றித் தந்தார். கை கடிகாரம் கட்டாத மனிதர். நான் போனில் நேரம் வைத்துப் பார்த்தேன், சரியாக மூன்று.

காசு தருவதாக ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. பெயர் வேண்டாம். கைகழுவும் சுகாதாரத்தைப் பற்றி ஒரு தரு, அதாவது கூத்துப் பாட்டு, கிருட்டிணனைப் பாட வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். இதற்காக என்னைத் திட்டப் போகிறவர்கள் ஒரு கரப்புடுப்புக்கு, அந்தக் கூடு மாதிரி விரிந்த கூத்து உடுப்புக்கு, பிரம்பும் துணியும் வாங்கிப் பார்த்துவிட்டு வந்து திட்டுங்கள். அப்படியும் சொன்ன தொகையில் பாதிதான் வந்தது. மீதிக்கு அம்மாவின் காப்பு அடகுக்குப் போனது.

இதற்குள் யானை. பெரும்போக அறுவடை நேரம் பழக்கத்தை ஒன்பது மணிக்கு முன் முடித்துவிடவேண்டும். யானைவேலி பாதித் தூரத்துக்குப் போட்டார்கள். பாதி வேலியால் என்ன பயன்? யானை வேலி முடிகிற இடம் வரைக்கும் நடந்து வந்து திரும்புகிறது. எங்கள் கூத்தில் துரியோதனனாக ஆடியவனுடைய வாழைத்தோட்டம் முழுதும் போய்விட்டது. இழப்பீட்டுக்கு அவன் நிரப்பிய படிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு கூத்துக் கொப்பி, பாட்டு முழுதும் எழுதி வைக்கிற கொப்பி, அளவுக்கு வரும். இதை யாரும் எழுதுவதில்லை, சரி விடுங்கள்.

அரங்கேற்றத்துக்கு ஒரு கிழமைக்கு முன் அழைப்பிதழ் அச்சாகி வந்தது. நடுவில் தடித்த எழுத்தில் "நெறியாள்கை, தயாரிப்பு" என்று என் பெயர். கீழே, ஒலி ஒளிக்கும் பக்கத்தில், "ஆட்டப் பயிற்சி உதவி" என்று மாமாவின் பெயர். அச்சகம் அல்ல, நான்தான் அப்படி எழுதிக் கொடுத்தேன். நிறுவனம் கேட்ட படிவத்தில் நெறியாளர் என்று ஒரு பெட்டிதான் இருந்தது என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்தேன். பெட்டி ஒன்றுதான், உண்மை. அதற்குள் இரண்டு பெயர் எழுத இடம் இருந்தது, அதுவும் உண்மை.

அவர் கார்டைத் தூரப் பிடித்து வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு மண்டபத்தில் பிரமுகர்கள் விளக்கேற்றிப் பேசி முடிக்கவே ஒன்றேகால் மணித்தியாலம், கூத்தை விட நீளம். அவர் மத்தளத்தை மடியில் வைத்தபடி பக்கத்தில் காத்திருந்தார். சல்லாரி என்கிற கைத்தாளம் போடுகிறவன் தாளத்தில் பிசகியபோது ஒரு அடியில் இழுத்துச் சேர்த்ததும் அவர்தான். கைதட்டு எனக்கு.

மண்டபத்தில் போட்டால் கூத்துச் செத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சீலாமுனைக் கிராமத்தில் ஊரோடு இருந்து செய்த கூத்து மீளுருவாக்கத்தையும் பார்த்தேன், மண்டபத்தில் நன்றாகச் செய்தவர்களையும் பார்த்தேன். சண்டைக்கு வராதீர்கள். நான் சொல்வது என் கார்டைப் பற்றி.

அந்தக் கடன் அடைய நாலு வருடம். அதன்பிறகு செய்த இரண்டுக்கும் ஊரில் முகாமைக்காரர் ஒருவரை வைத்தோம், கடைக்காரர், கணக்கில் புலி. அண்ணாவியார் பெயர் மேலே, நான் "கொப்பி" என்று கீழே. நட்டம்தான், ஆனால் காப்பு அம்மாவின் கையில் கிடக்கிறது.

உங்கள் வீட்டாரிடம் வேலை ஒன்று எடுத்துவிட்டுச் செய்கிறேன் என்று சொல்லுங்கள். ஞாயிறு பின்னேரம் வலையிறவுப் பாலம் தாண்டி இங்கால வந்தால் பழக்கம் பார்க்கலாம். மாமா இப்போது மத்தளம் அடிப்பதில்லை, கதிரையில் இருந்து ஏசுவார். ஒன்பதுக்கு முன் திரும்பிவிடுங்கள், வேலி இன்னும் பாதிதான்.