விமான நிலைய ஓடுபாதையில் வெடி போட்டு விரட்டியும் பறவைகள் ஏன் திரும்பி வருகின்றன?

வெடியும் எரிவாயுத் துப்பாக்கியும் பறவையை அந்த நேரத்துக்கு எழுப்பிவிடும், அவ்வளவுதான். எதைத் தின்ன வந்ததோ அது அங்கேயே இருந்தால் மறுபடி வந்து இறங்கும். ஒரே இடத்தில் நின்று ஒரே இடைவெளியில் வெடிக்கும் துப்பாக்கி என்றால் சில நாளில் அதன் அருகிலேயே மேயத் தொடங்கிவிடும்.

முதலில் எந்தப் பறவை, எந்த நேரம், எதற்காக என்று பாருங்கள். பிரச்சினை பெரும்பாலும் புல்லில்தான். ஒட்ட வெட்டினால் மண்புழுவும் பூச்சியும் கண்ணில் படும். ஆள்காட்டி, மைனா கூட்டமாக இறங்கும். 15 முதல் 20 செ.மீ. வரை வளரவிட்டால் இரை தெரியாது, சுற்றி ஆபத்து வருகிறதா என்று பார்க்கவும் முடியாது. இந்தப் பறவைகள் அங்கே நிற்க விரும்பாது. ஆனால் எல்லா ஊருக்கும் இது ஒத்துவராது. உயர்ந்த புல்லில் எலி பெருகினால் பருந்து வரும். கதிர் முற்றினால் விதை தின்னும் சிறு குருவிகள் வரும், ஆகவே முற்றுமுன் வெட்ட வேண்டும். வெட்டும்போதே பூச்சி கிளம்பிப் பறவைகள் குவியும். போக்குவரத்து குறைந்த இரவில் வெட்டி, வெட்டிய புல்லை அள்ளிவிடுங்கள்.

மழைநீர் 48 மணி நேரத்துக்குள் வடிந்துவிட வேண்டும். வடியாத குட்டைக்கு வலை போடலாம்.

இதற்குப் பிறகுதான் விரட்டல். அபாயக் குரல் (ஆபத்தில் சிக்கிய பறவை எழுப்பும் அலறல்) பதிவை, வண்டியை நிறுத்திவிட்டு, கூட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டரில், காற்று வரும் பக்கமாக நின்று ஒலிக்கவிடுங்கள். ஒன்றரை நிமிடம் போதும். கடற்காக்கைகள் உடனே ஓடாது. என்னவென்று பார்க்க ஒலிபெருக்கியை நோக்கி எழுந்து வட்டமடித்துவிட்டுத்தான் கலையும். விமானம் இறங்க வரும் நேரத்தில் இதைச் செய்தால் கூட்டத்தை நீங்களே அதன் பாதையில் தூக்கிவிடுகிறீர்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் கேட்காமல் பொத்தானைத் தொடாதீர்கள். புறாவுக்கு இந்த முறை உதவாது, அதற்கு அபாயக் குரலே கிடையாது.

வேலிக்கு வெளியே இருப்பதும் உங்கள் கணக்குதான். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் ஏர்பஸ் ஏ320 கனடா வாத்துக் கூட்டத்தில் மோதி ஹட்சன் ஆற்றில் இறங்கியதே, அந்த மோதல் நடந்தது சுமார் 2,800 அடி உயரத்தில், ஓடுபாதையிலிருந்து ஏறத்தாழ 7 கி.மீ. தள்ளி. குப்பைக் கிடங்கு, இறைச்சிக் கழிவு, ஏரி என்று நிலையத்தைச் சுற்றி 13 கி.மீ. தூரம் வரை பார்க்கச் சொல்லும் சர்வதேச வழிகாட்டுதல் இப்படி வேலிக்கு வெளியே நடக்கும் மோதல்களுக்காகத்தான். என் கணிப்பில் பல நிலையங்கள் கோட்டைவிடுவதும் இங்கேதான். குப்பைக் கிடங்கு வேறு துறையின் கையில் இருக்கும்.

மோதல் நடந்துவிட்டால் விமானத்தில் ஒட்டிய பறவையின் மிச்சத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடாதீர்கள். இரத்தக் கறையை ஆல்கஹால் நனைத்த துணியில் துடைத்து எடுங்கள். இறகை வெட்டாமல் அடியோடு பிடுங்குங்கள், ஒட்டுநாடாவில் ஒட்டாதீர்கள். இனம் தெரியாமல் 'பறவை' என்று மட்டும் பதிவேட்டில் எழுதினால், எந்த இரையை அகற்றுவது என்பது அடுத்த முறையும் தெரியாது.