வெற்றுப் பெட்டியின் கனம்

கேள்வி: ஒரு காட்சி மனத்தில் நிற்கிறது என்றால் அதற்குக் காரணம் நடிப்பு. உங்கள் விமர்சகர்களோ கேமரா எங்கே இருந்தது, யார் எங்கே நின்றார்கள், மேசைமேல் என்ன கிடந்தது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். வெறும் பொருளுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?

பதில்: பொருளுக்கு முன்னால் 'வெறும்' என்று போடத் தமிழில் துணிச்சல் வேண்டும். கையில் எடுப்பதும் பொருள், பையில் சேர்ப்பதும் பொருள், சொல்லுக்குள் இருப்பதும் பொருள். படப்பிடிப்புத் தளத்தில் இவற்றைப் 'பிராப்பர்ட்டி' என்கிறார்கள், அங்கேயும் சொத்துதான். தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார், அங்குள்ள மரம், பறவை, பறைவரை கருப்பொருள் என்றார், அங்கே இரண்டு மனங்களுக்குள் நடப்பதை உரிப்பொருள் என்றார். இதையே சினிமாக்காரர்கள் 'மீஸான்ஸேன்', அதாவது காட்சிக்குள் எதை, யாரை எங்கே வைப்பது என்ற ஏற்பாடு, என்ற பிரெஞ்சுச் சொல்லால் சொல்லிக் கருத்தரங்கு நடத்துகிறார்கள். அந்தச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்று எனக்கும் ஒரு கட்டுரையாளருக்கும் நடந்த சண்டை பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். நான்கு கட்டுரைகளில் நான்கு விதமாக எழுதினார், பத்திரிகை ஆசிரியனாக நான்கையும் அடித்துத் திருத்தினேன். இப்போது வேறொரு பத்திரிகையில் ஐந்தாவது விதமாக எழுதுகிறார். நலமாக இருக்கட்டும்.

உங்களுக்குச் சாதகமான ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் யாராவது புலவர் கடிதம் போடுவார். அந்த மூன்றில் உரியே சிறந்தது என்பதுதான் இலக்கணம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனத்தைக் கேமராவால் படம்பிடிக்க முடியாது. அது ஏதாவது ஒன்றைப் பற்றிக்கொண்டுதான் வெளியே வரவேண்டியிருக்கிறது.

எலியா கஸான் இயக்கி 1954இல் வந்த 'ஆன் தி வாட்டர்ஃபிரன்ட்' படத்தில் மார்லன் பிராண்டோவும் ஈவா மேரி செயின்டும் நடந்துபோகிறார்கள். அவளுடைய சகோதரனின் சாவில் அவனுக்குப் பங்கு உண்டு. அது அவளுக்குத் தெரியாது. அவள் கையுறை ஒன்று கீழே விழுகிறது. எடுத்தவன் கொடுக்கவேண்டியதுதானே? கொடுப்பதில்லை. தூசி தட்டுகிறான், ஊஞ்சலில் உட்காருகிறான், பேசிக்கொண்டே அந்தச் சின்னக் கையுறைக்குள் தன் முரட்டுக் கையை நுழைத்துக்கொள்கிறான். கையுறை அவனிடம் இருக்கும்வரை அவளால் கிளம்ப முடியாது. அவள் கையைத் தொட அவனுக்குத் தைரியம் கிடையாது, கையுறையைத் தொடலாம். இருவர் முகங்களையும் மாறிமாறி அண்மைக்காட்சியில் மட்டும் காட்டியிருந்தால் கையுறை சட்டகத்துக்கு வெளியே போயிருக்கும், நமக்கு மிஞ்சியிருப்பது வம்பளப்புதான். இதில் நடிப்பு எது, பொருள் எது, கேமரா எது என்று பிரித்துத் தருகிறவருக்கு ஓராண்டுச் சந்தா இலவசம்.

ஹிட்ச்காக் இன்னும் கிராதகர். 'சஸ்பிஷன்' (1941) படத்தில் கேரி கிராண்ட் இருண்ட மாடிப்படியில் பால் தம்ளரோடு ஏறி வருவார். விஷமாக இருக்குமோ என்று நாம் தம்ளரையே பார்க்கவேண்டும் என்பதற்காகப் பாலுக்குள் ஒரு சின்ன விளக்கை எரியவைத்தார். அந்தக் காட்சியில் நடிப்பது பால். கிராண்ட் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறார், அவ்வளவுதான். அதே ஆண்டு வந்த 'சிட்டிசன் கேன்' படத்தில் தாய் மேசையில் மகனை இன்னொருவர் பொறுப்பில் விடும் பத்திரத்தில் கையெழுத்திடுகிறாள். வெகுதூரத்தில், ஜன்னலுக்கு அப்பால், அந்த மகன் பனியில் விளையாடிக்கொண்டிருக்கிறான். ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டின் கேமராவில் இரண்டும் சம தெளிவு. பையன் விரல்நகம் அளவுதான் தெரிகிறான், ஆனாலும் கண் அவனை விட்டு நகர்வதில்லை.

இனி என் பழைய புண். வெற்றுப் பெட்டி. நாயகி வீட்டைவிட்டு நிரந்தரமாக வெளியேறுகிறாள். பத்தாண்டு வாழ்க்கையை ஒரு பெட்டியில் அடைத்திருக்கிறாள் என்று வசனம் சொல்கிறது. அவளோ அதைச் சுண்டுவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டு போகிறாள். கண்ணில் நீர் தாரையாக வழிகிறது, நல்ல நடிப்பு, ஆனால் தோள் ஒரு நூல்கூட இறங்கவில்லை. கோப்பைகளும் இதே ஜாதிதான். ஆவி பறக்கும் காபி என்று சொல்லிவிட்டு அதைப் பிடித்த கையாலேயே வாசலைச் சுட்டிக்காட்டுவார்கள். ஒரு சொட்டுச் சிந்தாது. பெட்டிக்குள் நான்கு செங்கல் வையுங்கள் என்று இந்தப் பக்கத்தில் இருபது ஆண்டுகளாகக் கெஞ்சிவருகிறேன். ஒரே ஒருமுறை ஓர் உதவி இயக்குநர் பதில் எழுதினார்: "ஐயா, தங்கள் சொல்படி செங்கல் வைத்தோம். நடிகர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைய படப்பிடிப்பு ரத்து." உட்கார்ந்ததைப் படம் எடுத்தீர்களா என்று கேட்டு எழுதினேன். அதன்பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை.

நானும் யோக்கியன் அல்லன். மாணவனாக இருந்தபோது ஒரு மேடை நாடகத்தில் பொருள்களுக்கு நான்தான் பொறுப்பு. நாயகன் பிரித்துப் படிக்கவேண்டிய கடிதத்துக்கு, உங்களைப் போலவே 'வெறும் பொருள்தானே' என்று நினைத்து, ஒரு வெற்றுத்தாளை மடித்து உறையில் போட்டுவிட்டேன். நாயகனோ அதைப் பார்த்துப் படித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரியையும் மனப்பாடம் செய்திருக்கவில்லை. பிரித்தார், பார்த்தார், என்னைத் தேடித் திரைமறைவை ஒருமுறை பார்த்தார், பிறகு தாளை மெல்ல மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு மேடையைவிட்டுப் போய்விட்டார். அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. அந்த நாடகத்துக்கு ஒரு சிற்றிதழில் விமர்சனம் வந்தது. 'வாசிக்கப்படாத கடிதம்' என்ற குறியீட்டைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம். எழுதியவர் வேறு யாருமல்லர், 'மீஸான்ஸேன்' கட்டுரையாளர்தான்.