வேலிக்குள் கிடந்த நாட்கள்

அன்புள்ள ஐயா,

என் ஊர் மல்லாவி. சட்டபீடத்தில் இரண்டாம் வருடம். நீதித்துறையின் தன்னடக்கம் (சட்டத்தில் எழுதியதோடு நின்று தலையிடாதிருப்பது), செயன்முனைப்பு (அதைத் தாண்டித் துணிந்து தலையிடுவது) பற்றி ஒப்படை எழுதுகிறேன். 2006 ஒக்டோபரில் வடக்கு கிழக்கு இணைப்பு செல்லாது என்றது நமது இலங்கையின் உயர் நீதிமன்றம். 2018 டிசம்பரில் பாராளுமன்றக் கலைப்பு செல்லாது என்றதும் அதே நீதிமன்றம்தான். ஒன்றுக்கு அழுதோம், மற்றதற்குக் கைதட்டினோம். எங்களைப் போன்ற சிறுபான்மையினருக்கு எந்தத் தத்துவம் பாதுகாப்பு? அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாத அவகாசம் போன்ற நடைமுறை விடயங்களை விட்டுவிட்டு, தத்துவத்தை மட்டும் எழுத நினைக்கிறேன்.

பிள்ளை,

அழுததையும் கைதட்டியதையும் ஒளிக்காமல் எழுதினீரே, அது எனக்குப் பிடித்தது. கடைசி வரிதான் கோபத்தைக் கிளப்பியது. எதை நடைமுறை என்று தள்ளிவைக்கிறீர்?

2018 உமக்கு நல்ல உதாரணமே இல்லை. பாராளுமன்றம் கூடி நாலரை வருடம் கழியுமுன் சனாதிபதி தன்பாட்டில் கலைக்க முடியாதென்று அரசியலமைப்பின் 19ஆம் திருத்தத்தில் எழுதியிருந்தது. ஏழு நீதியரசர்களும் அதை ஒழுங்காக வாசித்தார்கள், அவ்வளவுதான். 2006 பெரிய கதை, இன்னொரு நாளைக்குப் பேசலாம்.

அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையை எடும். அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகவேண்டும். நீதிமன்றம் இருப்பது கொழும்பில்.

எங்கள் சின்னம்மாவின் மகன் 2009 மே 18, போர் முடிந்த நேரம், வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தான். திகதி மறந்துபோகுமோ என்ற பயத்தில், யாரோ ஒரு சின்னப்பிள்ளையிடம் சிவப்புப் பென்சில் வாங்கி, குடும்ப அட்டையின் பின்பக்கத்தில் சின்னம்மா எழுதிவைத்தா. பிறகு செட்டிகுளம், மெனிக் பாம் அகதி முகாம், முட்கம்பி. டிசம்பர் வரை நினைத்தபடி வெளியே போக விடவில்லை. வெளியே வந்த கிழமையே வவுனியாவில் ஒரு சட்டத்தரணியிடம் சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, ஒரு மாதம் எப்பவோ முடிஞ்சுது."

"வேலிக்குள்ள கிடந்த நாளையும் எண்ணுறதோ தம்பி?"

அவர் பேசவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. பதில் எப்போதோ தீர்ப்பாக வந்திருந்தது என்பதைப் பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன். தடுத்துவைக்கப்பட்டவருக்கு அந்த ஒரு மாதத்தைத் தடுப்பு நீங்கிய நாளிலிருந்தே எண்ணவேண்டும், அப்போதுதான் அந்தப் பரிகாரத்துக்குப் பொருள் உண்டு என்று பிரதம நீதியரசர் சர்வானந்தா எழுதியிருக்கிறார். அரசியலமைப்பில் அப்படி ஒரு வரி இல்லை. இது தன்னடக்கமா, செயன்முனைப்பா? அவர் ஒரு மாதத்தை இரண்டாக்கவில்லை. எண்ணத் தொடங்கும் நாளைத்தான் நகர்த்தினார். ஒரு மாதம் என்றால் ஒரு மாதம்தான் என்று சொல்லும் நீதியரசர், தான் எதிலும் தலையிடாமல் அடக்கமாக இருந்ததாக நினைப்பார். ஆனால் ஆளை அடைத்துவைத்தவனுக்கு, அவன் அடைத்துவைத்த நாட்களையே கேடயமாகக் கொடுத்திருப்பார். அடைத்துவைப்பு எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவுக்கு அவன் தப்புவான். இதைத் தலையிடாமை என்று எந்த வாயால் சொல்வது? 1996ஆம் ஆண்டு மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தில் பாராளுமன்றமே, ஆணைக்குழுவின் விசாரணை நடக்கும் காலத்தை அந்த ஒரு மாதத்தில் சேர்க்கவேண்டாம் என்றது. நாள் எண்ணுவது கிளாக்கரின் வேலை என்று நினைக்காதேயும்.

அந்தத் தீர்ப்பை முழுக்க வாசித்து, ஒப்படையை அதிலிருந்து தொடங்கும். அடைத்துவைத்த ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவுக்கு அந்த ஒரு மாதக் கெடு இல்லை, அதையும் சேர்த்து எழுதும்.

விடுமுறைக்கு வந்தால் வீட்டுக்கு வாரும். அட்டை இன்னும் சின்னம்மாவிடம் இருக்கிறது. சிவப்பு மங்க மங்க, அவ அந்தத் திகதியின் மேலேயே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறா.