நலம், நலமறிய ஆவல்: கி.மு. 223

அன்புள்ள ஐயா,

அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். சென்ற வாரம் பட்டுப் பாதை பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் எழுந்து, "டீச்சர், சீனாவுல அந்தக் காலத்துலயும் சோத்தைக் குச்சியாலதான் சாப்பிட்டாங்களா?" என்று கேட்டான். "ஆமாம், மூவாயிரம் வருஷமா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் சந்தேகம் வந்துவிட்டது. தேடிப் பார்த்தால் பெருஞ்சுவர், சுடுமண் வீரர்கள், பேரரசர்கள், கன்ஃபூசியஸ், இவைதான் வருகின்றன. சாதாரண மனிதர்கள் வீட்டுக்குள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது தெரியுமா? தெரியும் என்றால் எப்படித் தெரிந்தது? பையனுக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும்.

ஒரு ஆசிரியை,
திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

பாதிக் கணக்கு சரி. குச்சி பழையதுதான். ஷாங் அரசர்களின் தலைநகரம் இருந்த அன்யாங்கில் மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய வெண்கலக் குச்சிகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் சோற்றைக் கையால்தான் சாப்பிட்டார்கள். பையனிடம் அதைத் தைரியமாகச் சொல்லுங்கள்.

ஹான் காலத்தில் (கி.மு. 206 முதல் கி.பி. 220 வரை) தொகுக்கப்பட்ட 'லீ ஜி' என்ற ஒழுக்க நூல், பெரிய வீட்டுப் பிள்ளைகள் பந்தியில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. சோற்றை உருண்டை பிடிக்காதே. எடுத்த சோற்றைத் திரும்பப் பாத்திரத்தில் போடாதே. ஆறட்டும் என்று சோற்றைக் கிளறிப் பரப்பாதே. கடித்த மீனைத் திருப்பி வைக்காதே. எலும்பைக் கடிக்காதே, நாய்க்கும் வீசாதே. பல் குத்தாதே. பனிவரகுச் சோற்றுக்குக் குச்சி எடுக்காதே, காய் கிடக்கும் குழம்புக்கு எடுத்துக்கொள். அப்புறம் ஒரு விதி: சேர்ந்து சாப்பிடும்போது கையைத் தேய்க்காதே. 7ஆம் நூற்றாண்டின் உரையாசிரியர் கோங் யிங்தா இதற்குக் காரணம் சொல்கிறார். அந்தக் காலத்தில் சோற்றுக்குக் குச்சி கிடையாது, கைதான். எல்லாரும் ஒரே பாத்திரத்தில் கை வைப்பதால் கை முன்கூட்டியே சுத்தமாக இருக்க வேண்டும், பந்தியில் உட்கார்ந்த பிறகு தேய்க்கக் கூடாது என்கிறார். குழந்தை தானாகச் சாப்பிடத் தொடங்கியதும் வலது கையால் சாப்பிடப் பழக்கு என்றும் அதே நூலில் இருக்கிறது. உங்கள் வகுப்பில் இதற்கு விளக்கமே தேவைப்படாது.

சோறு என்றால் அரிசிச் சோறு என்று நினைத்துவிட வேண்டாம். வடக்கே முக்கியமான தானியம் தினையும் பனிவரகும். அரிசி தெற்கே, யாங்சி ஆற்றுப் பக்கம். அப்படி ஒரு தெற்கத்தி ஊரான சாங்ஷாவுக்குப் பக்கத்தில், மவாங்துய் என்ற இடத்தில், 1972இல் ஒரு சிற்றரசரின் மனைவியின் கல்லறையைத் திறந்தார்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டு. உள்ளே அரக்குப் பூசிய ஒரு தட்டுப்பலகை, அதன் மேல் சின்னச் சின்னத் தட்டுகளில் உணவு, கிண்ணம், ஒரு ஜோடி மூங்கில் குச்சி. தட்டுக்குள்ளே எழுதியிருக்கிறது: 'தாங்கள் சாப்பிடுங்கள்'. கிண்ணத்தில் 'தாங்கள் குடியுங்கள்'. இறந்த பிறகும் அந்த அம்மாளை உபசரித்திருக்கிறார்கள். அவருடைய வயிற்றுக்குள் 138 முலாம்பழ விதைகள் இருந்தன. கடைசியாகச் சாப்பிட்டது எது என்று கூடத் தெரிகிறது.

இப்படி ஆளுக்கொரு பலகை வைத்துத்தான் சாப்பிட்டார்கள். ஏன்? தரையில் பாய் போட்டு உட்கார்ந்தார்கள், அதனால். நாற்காலியும் உயரமான மேசையும் வீட்டுக்குள் சகஜமானது சோங் காலத்தில், அதாவது 10ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு. எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து நடுவில் வைத்த கறிகளை எடுத்துச் சாப்பிடும் இன்றைய சீனப் பந்தி அதற்குப் பிறகுதான் வந்தது. பாய் போய்விட்டாலும் மொழியில் அது போகவில்லை. இன்றும் சீன மொழியில் தலைவரைக் குறிக்கும் 'ஜூஷி' என்ற சொல்லில் 'ஷி' என்பது பாய். மிளகாய் 16ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் அங்கே கிடையாது. நாடு முழுவதும் தேநீர் குடிக்கத் தொடங்கியது தாங் காலத்தில், அதாவது 7ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு. பெண்களின் பாதத்தைக் கட்டும் கொடுமையும் ஹான் காலத்தில் இல்லை. 'ஐயாயிரம் வருஷமாக மாறாத நாடு' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பாய் என்றால் செருப்பை வெளியே விட வேண்டும். லீ ஜி சொல்கிறது: அறை வாசலில் இரண்டு ஜோடி செருப்பு கிடந்தால், உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டால் போ, கேட்காவிட்டால் போகாதே. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் அது அவர்களுக்குள் வைத்துக்கொள்ள வேண்டிய பேச்சு. கூடத்துக்குப் படியேறும்போது குரல் கொடுத்துக்கொண்டே ஏறு என்றும் சொல்லியிருக்கிறது.

அதே நூலில் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பகுதியும் உண்டு. ஐந்து நாளுக்கு ஒரு முறை வெந்நீர் வைத்துக் குளிக்கக் கூப்பிட வேண்டும், மூன்று நாளுக்கு ஒரு முறை தலைக்கு. நடுவில் முகம் அழுக்கானால் அரிசி களைந்த தண்ணீரைச் சுட வைத்துக் கழுவிவிட வேண்டும். ஹான் அரசில் உத்தியோகம் பார்த்தவர்களுக்கு ஐந்து நாளுக்கு ஒரு நாள் விடுப்பு. அதன் பெயரே தலைமுழுக்கு விடுப்பு.

சரி, இதெல்லாம் வசதியானவர்களின் வீடு. நீங்கள் கேட்டது சாதாரண மனிதர்களை. அதற்கு ஒரே ஒரு இடத்துக்குப் போனால் போதும்.

ஹுபெய் மாநிலத்தில் யுன்மெங் என்ற ஊர். அங்கே ஷுய்ஹூதி என்ற இடத்தில் 1975-76இல் சில கல்லறைகளைத் தோண்டினார்கள். நீர் ஊறிய மண், அதனால் மரமும் மூங்கிலும் மக்கிப்போகாமல் இருந்தன. ஒரு கல்லறையில், சீனாவை முதன்முதலில் ஒரே பேரரசாக்கிய ச்சின் அரசின் எழுத்தர் ஒருவரோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூங்கில் சுவடிகள், சட்டமும் அலுவலகக் குறிப்பும் நாள் பார்க்கும் நூலுமாக. அவற்றை வைத்துப் பெரிய ஆய்வுகள் நடந்தன. நான் சொல்ல வருவது நான்காம் எண் கல்லறை. அதில் இரண்டு மரப்பட்டிகள் இருந்தன. ஒன்று சாண் நீளம், இரண்டு விரல் அகலம், இன்னொன்று உடைந்தது. இரண்டு பக்கமும் மையால் நெருக்கி எழுதியிருக்கிறது. சீனாவில் கிடைத்தவற்றிலேயே மிகப் பழைய வீட்டுக் கடிதங்கள் இவை.

எழுதியவர்கள் ஹெய்ஃபூ, ஜிங் என்ற இரண்டு சகோதரர்கள். ச்சின் படையில் சேர்ந்து, ச்சூ நாட்டின் மீது நடந்த போரில் ஹுவாய்யாங் பக்கம் இருக்கிறார்கள். கி.மு. 223 வாக்கில். அண்ணன் ஜோங்குக்கு எழுதுகிறார்கள். தொடக்கமே இதுதான்: அம்மா சுகமா? நாங்கள் இருவரும் சுகம்.

அதற்கப்புறம் ஹெய்ஃபூ துணிக் கணக்குக்கு வந்துவிடுகிறான். நம் அன்லு ஊரில் துணி மலிவாக இருந்தால் அம்மா எனக்கு ஒற்றைத் துணியில் சட்டையும் கீழாடையும் தைத்துப் பணத்தோடு சேர்த்து அனுப்பட்டும். விலை அதிகமென்றால் பணத்தை மட்டும் அனுப்புங்கள், நான் இங்கேயே துணி எடுத்துத் தைத்துக்கொள்கிறேன். கலகம் செய்த ஊரை முற்றுகை போட்டு நாளாகிறது, அடி படுமா என்று சொல்ல முடியாது, செலவுக்கு அனுப்புவதில் குறைக்க வேண்டாம். பிறகு அத்தைமாரை, கிழக்கு வீட்டுக்காரரைப் பெயர் பெயராக விசாரிக்கிறான். படையில் இருந்ததற்குக் கிடைக்க வேண்டிய பட்டம் வீட்டுக்கு வந்ததா, மறக்காமல் பதில் எழுதுங்கள் என்கிறான்.

ஜிங் இளையவன் போல, நிதானம் இல்லை. ஐந்நூறு அறுநூறு காசு வேண்டும், நல்ல துணி இரண்டரை ஜாங்குக்குக் குறையாமல் வேண்டும் என்கிறான். அது சுமார் 5.8 மீட்டர். ச்சின் சட்டத்தில், அபராதத்தை உழைத்துக் கழிப்பவனுக்கு ஒரு நாளைக்கு 8 காசு என்று கணக்கு. அறுநூறு காசு என்பது 75 நாள் உழைப்பு. ஏன் இவ்வளவு? யுவான் போ என்பவரிடம் வாங்கிய பணத்தைச் செலவழித்துவிட்டான். 'வீட்டிலிருந்து வராவிட்டால் செத்தேன். அவசரம் அவசரம் அவசரம்.' அந்தச் சொல்லை மூன்று முறை எழுதியிருக்கிறான்.

இதைக் கடன்காரனின் கடிதம் என்று வைத்துவிட முடியவில்லை. அடுத்த வரிகளில் புது மருமகள் பெரியவர்கள் இரண்டு பேரையும் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்கிறான். நான் தூரத்தில் இருக்கிறேன், யுவான் என்ற நம் பெண்ணுக்கு நீதான் புத்தி சொல்ல வேண்டும், விறகு பொறுக்க ரொம்பத் தூரம் போகக் கூடாது என்று அண்ணனிடம் கேட்டுக்கொள்கிறான். புதிதாகப் பிடித்த ஊர்களில் ஆளில்லை, கள்ளர் நடமாட்டம் என்று கேள்விப்பட்டேன், அந்தப் பக்கம் போய்விடாதே என்கிறான். மறுபடியும் 'அவசரம் அவசரம் அவசரம்'. போர்முனையில் நிற்பவன் வீட்டிலிருக்கும் அண்ணனுக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று பயப்படுகிறான். இந்த வரிக்கு வரும்போது ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைத்துவிடுகிறது.

உங்கள் பையனுக்குக் கையால் சாப்பிட்ட கதையைச் சொல்லிவிட்டு, இந்தக் கடிதத்தையும் வகுப்பில் படித்துக் காட்டுங்கள். கடிதங்கள் வீடு வந்து சேர்ந்தன. அந்த நான்காம் எண் கல்லறை அண்ணன் ஜோங்குடையது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பட்டிகளோடு மை தேய்க்கும் கல் ஒன்றும், கொஞ்சம் மையும் உள்ளே இருந்தன.