அம்மாவின் கணக்கு நோட்டு

அன்புள்ள மேடம்,

எனக்கு 23 வயது. வட மாவட்டத்து டவுன் ஒன்றின் ஓரத்தில் குடிசைப் பகுதியில் இருக்கிறோம். அப்பா போனபின் அம்மா வீட்டிலேயே பாக்கெட் சாராயம் விற்கிறார். டாஸ்மாக் திறக்க பகல் 12 ஆகும். கை நடுக்கத்தோடு கரண்டி பிடிக்க முடியாத கொத்தனார்கள் விடிகாலை 5 மணிக்கே கதவைத் தட்டுவார்கள். அம்மா அசந்து தூங்கினால், தண்ணிக் குடத்துக்குப் பின்னாலிருந்து நான்தான் எடுத்துக் கொடுத்து நோட்டில் எழுதுவேன். தெருவில் பிரசவமோ சாவோ, முதல் கைமாத்து அம்மாவிடம்தான். அந்தக் காசில்தான் பி.காம். முடித்தேன், இப்போது துணிக்கடையில் பில் போடுகிறேன்.

2024இல் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்பக்க ஊர்களிலும் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்ததிலிருந்து கதவு தட்டினாலே வயிறு கலங்குகிறது. “நம்மது வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு மலையில காய்ச்சினது, ஒண்ணும் ஆகாது” என்கிறார் அம்மா. எதிர்த்துப் பேச நாக்கு எழவில்லை.

அன்புள்ள தங்கைக்கு,

சோறு போட்டவரை எதிர்த்தால் நன்றி கெட்டவளாகிவிடுவோமோ என்ற பயம்தான் உங்களைக் கட்டிப்போட்டிருக்கிறது. உங்களைப் படிக்க வைத்த தாயை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் நம்பிக்கை தப்பு. காய்ச்சுவது ஒருவர், கொண்டுவருவது வேறொருவர். நடுவில் மெத்தனால் என்ற விஷ ரசாயனத்தைக் கலந்தால் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது. குடித்தவர் நன்றாகத்தான் வேலைக்குப் போவார். வயிற்று வலியும் கண் மங்கலும் பல மணி நேரம் கழித்துக்கூட வரும். கருணாபுரத்திலும் பழகிய வீட்டில்தான் வாங்கினார்கள்.

இரவு, அம்மா நோட்டை விரிக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். அசிங்கம், மானம் என்று ஆரம்பிக்க வேண்டாம். “உன்னை நினைச்சா பயமா இருக்கும்மா” என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட: 2024 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, விற்ற சாராயத்தால் சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை போகும். அப்புறம், வர வேண்டிய கடன் எவ்வளவு, உங்கள் சம்பளத்தில் எத்தனை மாதம் ஓட்டலாம் என்று சேர்ந்தே கணக்குப் போடுங்கள். இந்தத் தொழிலை விட்டவர்களுக்கான மறுவாழ்வு உதவி பற்றி ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். 5 மணிக்கு வருகிறவர்களுக்கு இட்லியும் வேண்டும்தானே?

கை நடுங்குகிறவர்கள் நோயாளிகள். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள். யாருக்காவது கண் மங்கினால் உடனே 108.

அம்மா மனம் மாற நாளாகலாம். அதுவரை குடத்துக்குப் பின்னால் உங்கள் கை போக வேண்டாம். “நான் எடுத்துத் தர மாட்டேன்மா” என்று ஒரே ஒருமுறை, அமைதியாகச் சொல்லிவிடுங்கள். தூக்கம் வராத இரவில் அரசின் மனநல உதவி எண் 14416க்குப் பேசலாம், கட்டணம் இல்லை.