ஒன்றரை வினாடிக்கு மூன்று கோடியா?

கேள்வி: பி.எம்.டபிள்யூ எம்340ஐ வாங்க ஆசை. நண்பர்களோ, லம்போர்கினி ஹுராகான் பக்கத்தில் அது நிற்காது என்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவு பெரியதா? (கோவை)

பதில்: நூறு கி.மீ. வேகத்தைத் தொட ஹுராகான் ஈவோவுக்கு 2.9 வினாடி, எம்340ஐக்கு 4.4. ஈவோ 2019-இல் இங்கே வந்தபோது ஷோரூம் விலை 3.73 கோடி. எம்340ஐ 2021-இல் 62.9 லட்சம், சென்னைக்குப் பக்கத்திலேயே பாகங்களைச் சேர்த்துப் பூட்டுகிறார்கள். ஒன்றரை வினாடிக்கு மூன்று கோடி! பத்து சிலிண்டர் எஞ்சின் போடும் சத்தத்துக்காக என்றால் அது நியாயமான ஆசை. வேகத்துக்கு மட்டும் என்றால் வேண்டாம். ஹுராகானுக்கு முன் டயர் 245 மி.மீ. அகலம், பின் டயர் 305. முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைக் குறைக்கவும் வழியில்லை.

கேள்வி: ரீமேப் செய்த (வேகத்துக்காக எஞ்சின் மென்பொருளை மாற்றிய) பழைய ஹேட்ச்பேக் மலிவாக வருகிறது. வாங்கலாமா? (திருச்சி)

பதில்: வேண்டாம்.

கேள்வி: பழைய கார் விற்கும் நிறுவனத்தில் ஆக்டேவியா ஆர்எஸ் வாங்கினேன். "டயர் புதுசு சார்" என்றார்கள். முதல் மழையிலேயே வழுக்கித் தடுப்பில் மோதிவிட்டது. டயருக்கு ஏழு வயது என்கிறார் மெக்கானிக். (சென்னை)

பதில்: உங்களுக்கு அடிபடாமல் போனதே பெரிய விஷயம். பொய் சொல்லி விற்றவர்கள் மேல்தான் தப்பு. ரசீது, வாட்ஸ்அப் செய்திகள், டயரின் படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். குதிரைத்திறனை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் டயர் பக்கம் குனிவதே இல்லை. எத்தனை குதிரை இருந்தாலும் உள்ளங்கை அகல ரப்பர் நாலு இடத்தில்தான் சாலையைத் தொடுகிறது. டார்ச் அடித்து டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். நீள்வட்டக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் வருடத்தின் 23-வது வாரம் செய்தது. வெளிப்பக்கம் இல்லையென்றால் உள்பக்கம் தேடுங்கள். அளவுக்குப் பக்கத்து எழுத்தையும் பாருங்கள்: எச் என்றால் 210 கி.மீ. வரை, ஒய் என்றால் 300. வேகமான காரில் மட்டமான டயர் கிடந்தால், பழைய உரிமையாளர் பிரேக்கிலும் ஆயிலிலும் காசு மிச்சம் பிடித்திருப்பார். நான் ஒரு டர்போ காரை எஞ்சின் சத்தத்தில் மயங்கி வாங்கினேன். நாலு டயரும் பிரேக் டிஸ்க்கும் மாற்றியதில் அந்த வருட போனஸ் முழுக்கப் போனது.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் ஒரு போர்ஷே பார்த்து இரண்டு லட்சம் முன்பணம் அனுப்பினேன். ஆர்.சி. நகல் கேட்டால் தட்டிக்கழிக்கிறார். மீதியையும் கட்டினால் காரை அனுப்புவாராம். கட்டட்டுமா? (மதுரை)

பதில்: காரைக் கண்ணால்கூடப் பார்க்காமல் இரண்டு லட்சமா? இன்னொரு பைசா அனுப்பாதீர்கள். இதைப் படித்த கையோடு 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அப்புறம் வங்கிக்கு.